அலமாரிக்குள் பத்து நிமிஷம்

பத்து நிமிஷம் இருட்டில் இருக்கணும். பிளாஸ்க்கை மூடி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியாயிற்று. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து. பதினொன்று இருபதுக்கு எடுக்கணும், முன்னால் எடுத்தாலும் தப்பு, பின்னால் எடுத்தாலும் தப்பு. பத்து கிராம் உப்பு, ஐம்பது மில்லி தண்ணீர், கொஞ்சம் ஆசிட், ஐந்து மில்லி அயோடைடு தண்ணீர், அவ்வளவுதான், கலக்கினதும் லேசாக மஞ்சள் ஏறும், உப்புக்குள் ஒளிந்திருக்கிற அயோடின் எல்லாம் மெல்ல மெல்ல வெளியே வந்து நிற்கும், வெளிச்சம் பட்டால் கணக்குக் கெட்டுப்போகும் என்று கெமிஸ்ட் கிளாட்வின் சார் முதல் நாளே சொன்னார். அன்றிலிருந்து ஒன்றரை வருஷமாக ஒரு நாளைக்கு நாலைந்து தடவை இந்த அலமாரியைத் திறந்து மூடுகிறேன். மற்ற நாளில் இந்தப் பத்து நிமிஷத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுவேன், ஸ்டார்ச் காய்ச்சுவேன். இன்றைக்குக் கழுவ ஒன்றும் இல்லை. உப்பு இலாகாவிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்று எல்லாவற்றையும் காலையிலேயே கழுவிக் கவிழ்த்தாயிற்று. அவர் ஆபீஸ் அறையில் இருக்கிறார், டீ போயிருக்கிறது. எங்கோ ஒரு கடையில் எடுத்த எங்கள் மில் பாக்கெட்டில் அயோடின் பத்து லட்சத்தில் பன்னிரண்டு பங்குதான் இருந்ததாம். மில்லை விட்டுப் போகும்போது முப்பது இருக்கணும், கடைக்குப் போய் என்னதான் ஈரம் பட்டாலும் பதினைந்துக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு நாள் உப்பிலும் ஒரு பாக்கெட்டை இங்கே எடுத்து வைத்திருப்போம், அந்தப் பாக்கெட்டை இப்பவே சோதித்துக் காட்டு, ரிஜிஸ்டரையும் காட்டு என்று கேட்டிருக்கிறார். பாக்கெட் உப்பு அலமாரிக்குள் கரைந்து நிற்கிறது. ரிஜிஸ்டர் என் முன்னால் திறந்து கிடக்கிறது. ஆறு வாரம், முப்பத்தாறு வரி, நாளுக்கு ஒரு வரி. முப்பத்தொன்று புள்ளி ஏழு, முப்பத்திரண்டு புள்ளி எட்டு, முப்பத்தொன்று புள்ளி ஏழு, எல்லாம் என் கைப்பட எழுதினதுதான். சோதித்தவர் கையெழுத்து என்கிற கட்டம் மட்டும் முப்பத்தாறு வரியிலும் காலி. கிளாட்வின் சார் பென்சிலால் ஒவ்வொரு கட்டத்திலும் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார், எங்கே போடணும் என்று எனக்குத் தெரியாமல் போய்விடுமாம்.

"வடிவு, இந்தக் கடைசிக் கட்டம் இருக்குல்லா, வரிசையா உன் பேரப் போட்டு வை" என்றார். "நானா சார்?" "நீதானம்மா டெஸ்ட் பண்ற. பண்ற ஆளுதான போடணும்." இத்தனை நாள் நீங்கள்தானே சார் மாசக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாகப் போடுவீர்கள் என்று கேட்க வந்தது. தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. என் பேச்சு எல்லாம் அங்கேதான் நிற்கும், கல்யாணத்தில் மோதிரம் இறுக்கமாக இருக்கிறது என்பதைக்கூட நான் சொல்லவில்லை, விரல் வீங்கி அத்தை பார்த்துத்தான் சோப்புப் போட்டுக் கழற்றினார்கள். "சரி சார்" என்றேன். "ஒண்ணும் ஆகாது, சும்மா ஒரு இதுக்கு" என்றார். ஒண்ணும் ஆகாது என்றால் அவரே போடலாமே. ஒண்ணும் ஆகாது என்று சொல்கிறவர்கள் எல்லாம் ஏன் எழுந்து நின்றுகொண்டே சொல்கிறார்கள். பிள்ளை பெறப்போன அன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் ஒரு நர்ஸம்மா இப்படித்தான் அட்டையை நீட்டி, ஒண்ணும் ஆகாதும்மா போடு என்றார்கள், வலியோடு வலியாக ச. சண்முகவடிவு என்று ஒவ்வொரு எழுத்தாக வைத்தேன், எதற்குப் போட்டேன் என்று இன்று வரைக்கும் தெரியாது. அதற்குப் பிறகு என் பேரை நான் எழுதினது குறைவு. ஆறாம் வகுப்பில் பாதியில் நிறுத்தி அம்மா உப்பளத்துக்குக் கூட்டிப் போய்விட்டாள், உப்புச் சுமந்தேன், கல்யாணம் ஆகி இந்த அரவை மில்லில் பாக்கெட் போட வந்தேன், பிள்ளை பிறந்து திரும்பி வந்தபோது கை எல்லாம் வெடித்திருந்தது. அப்போது கிளாட்வின் சார் லேபுக்கு ஒரு ஆள் கேட்டார். என்ன கேட்டார் தெரியுமா, சத்தம் போடாத பிள்ளையாகப் பார்த்து அனுப்புங்கள் என்று கேட்டார். எழுதத் தெரிந்த பிள்ளை, கணக்குத் தெரிந்த பிள்ளை என்று கேட்கவில்லை. பாக்கெட் கொட்டகையில் எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. இப்போதுதான் தெரிகிறது, நாற்காலிக்கு ஆள் எடுக்கும்போதே அவருக்கு இந்தக் கட்டம் கண்ணில் பட்டிருக்கும்.

பதினொன்று பதினொன்றரை இருக்கும்... இல்லை, பதினொன்று பன்னிரண்டு. என்ன பார்க்கிறேன் என்றே தெரியவில்லை. பேனாவை எடுத்தேன், வைத்தேன். போட்டுவிடலாம். போட்டால் பொய் என்றும் சொல்ல முடியாது, அங்கேதான் சிக்குகிறது, அங்கேதான் மூன்று நாளாகச் சிக்கிக்கொண்டே இருக்கிறது. தப்பு இந்தப் பெண்ணுடையது என்று காட்டத்தான் அவர்கள் கையெழுத்துக் கேட்கிறார்கள், சும்மா என் தலையில் கட்டுவதாக நினைத்துக்கொண்டு கட்டுகிறார்கள், ஆனால் தப்பு என்னுடையதுதான். அது அவர்களுக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும், இந்தக் கை கழுவுகிற தொட்டிக்கும் தெரியும். ஆனி மாசம், செவ்வாய்க்கிழமை, காற்று ஜன்னலைப் பிய்த்துக்கொண்டிருந்தது. தராசு சாருடைய கண்ணாடி அலமாரியில் பூட்டி இருக்கும், சாவி அவரிடம். அவருக்கு மூன்று மில்லில் வேலை, காலையில் வருவார், தயோ உப்பை ஒன்று புள்ளி இருபத்துநாலு கிராம் நிறுத்து, வழுவழுப்புக் காகிதத்தில் திருநீற்றுப் பொட்டலம் மாதிரி மடித்து, மேலே தயோ என்று எழுதி வைத்துவிட்டுப் பைக்கை எடுத்துவிடுவார். நான் அதைப் பெரிய பிளாஸ்க்கில் கொட்டி, கழுத்தில் இருக்கிற கோடு வரைக்கும் தண்ணீர் விட்டு ஒரு லிட்டர் ஆக்கணும். அதுதான் பியூரெட்டில் ஊற்றுகிற தண்ணீர், அதுதான் மஞ்சளை அழிக்கிற தண்ணீர். அன்றைக்கு என் பிள்ளை தர்ஷினிக்கு விடிய விடியக் காய்ச்சல், பால்வாடியில் இருக்க மாட்டேன் என்கிறாள், விட்டுவிட்டு ஓடி வந்து, கை கழுவின ஈரத்தோடு தொட்டிப் பக்கத்திலேயே நின்று பொட்டலத்தைப் பிரித்தேன். காகிதம் நழுவிற்று. கல்கண்டு மாதிரி நாலைந்து கல், அவ்வளவுதான், தொட்டி ஈரத்தில் விழுந்தது. விரலால் எடுக்கப் போவதற்குள் கரைந்துவிட்டது. என்ன அவசரம் அதற்கு. உடனே சாருக்குப் போன் போட்டிருக்கணும். முந்தின வாரம்தான் பிப்பெட் நுனியை உடைத்ததற்கு, "கண்ண எங்க வெச்சிருக்க நீ, வீட்லயா?" என்று கேட்டிருந்தார். நாலு கல்தானே, குழம்பில் நாலு கல் உப்புக் குறைந்தால் யார் கண்டார்கள், மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிடுவார்கள். கோடு வரைக்கும் தண்ணீர் விட்டேன். பாட்டிலில் எப்போதும் போல பலம் 0.005 என்று சீட்டு ஒட்டினேன். சீட்டு ஒட்டினால் அது 0.005 ஆகிவிடும் என்று எனக்குள் யாரோ நம்பினார்கள்.

திங்கள்கிழமை தெரிந்துவிடும் என்று நினைத்தேன். வாரா வாரம் திங்கள்கிழமை தயோவுக்குப் பலம் எவ்வளவு இருக்கிறது என்று சார் தனியாகப் பார்க்கணும், அதுதான் முறை, அது நாள்பட நாள்பட வலு இழக்கும் என்று அவரே சொல்லிக்கொடுத்தது. ஞாயிறு முழுக்க அடி வாங்கப் போகிற பிள்ளை மாதிரி இருந்தேன், ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது, நாளைக்கு அவர் கண்டுபிடித்துவிடுவார், திட்டுவார், பாட்டிலைக் கொட்டச் சொல்வார், முடிந்துவிடும். திங்கள்கிழமை சார் வந்தார். செல்போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். சின்ன நோட்டை எடுத்து 0.005 சரி என்று எழுதினார். தண்ணீர் குடித்தார். போய்விட்டார். நான் கழுவி வைத்திருந்த பிளாஸ்க் கழுவி வைத்தபடியே இருந்தது. அடுத்த திங்களும் அப்படித்தான். அதற்கு அடுத்ததும். எவ்வளவு அழகாக எழுதினார், புள்ளியைக்கூட அழுத்தி வைத்தார். எனக்கு அன்றைக்குக் கோபம் வரவில்லை, அதை நினைத்துத்தான் இப்போது கோபம் வருகிறது, அன்றைக்கு எனக்கு சந்தோஷமாக இருந்தது. பிழைத்தோம் என்று இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் தர்ஷினிக்குப் பிஸ்கட் வாங்கினேன்.

ஆனால் பியூரெட் பேசாமல் இருக்குமா. மஞ்சள் அழிய எப்போதும் இரண்டு புள்ளி ஒன்பது மில்லியில் நிற்கிற உப்பு அந்த வாரம் நாலு புள்ளி மூன்றுக்குப் போனது. சுவரில் சார் ஒட்டிவைத்திருக்கிற அட்டையைப் பார்த்தால் போதும், எனக்குப் பெருக்கத் தெரிய வேண்டாம், இத்தனை மில்லிக்கு இத்தனை அயோடின் என்று வரிசையாக இருக்கும், நாலு புள்ளி மூன்று என்றால் நாற்பத்தைந்தரை. அதை எழுதினேன். மில் முதலாளி அண்ணாச்சி அன்றைக்கு லேபுக்கே வந்துவிட்டார். "ஏய்யா கிளாட்வின், மருந்த அள்ளியா கொட்டுதிய? நாப்பத்தஞ்சு எதுக்கு? நாமென்ன தர்மாஸ்பத்திரியா நடத்துதோம்?" சார் சிரித்தார். "குறைச்சிரலாம் அண்ணாச்சி." மேலே உப்பு ஓடுகிற பட்டையில் அயோடின் மருந்துத் தண்ணீர் தெளிக்கிற குழாயை ஒரு திருகு திருகினார்கள், மறுநாள் இன்னொரு திருகு. மூன்று புள்ளி பூஜ்யம் வந்தது. முப்பத்தொன்று புள்ளி ஏழு. அண்ணாச்சி, "இது கணக்கு" என்றார். நான் மூலையில் ஸ்டார்ச் கிண்டிக்கொண்டிருந்தேன். கரண்டி நின்றது, எனக்கு ஏதோ தப்பாகப் பட்டது, என்ன என்று சொல்லத் தெரியவில்லை. முந்தாநாள்தான் தெரிந்தது. பழைய பாட்டில் தீர்ந்து, சார் புதுப் பொட்டலம் வைத்துவிட்டுப் போனார், ஒரு கல் சிந்தாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு கரைத்தேன், அதே உப்பு இரண்டு புள்ளி பூஜ்யத்தில் நின்றுவிட்டது. "குழாய் அடைச்சிருக்கும்" என்றார் சார். சாயங்காலம் அளத்து ஓரமாக நடந்து வீட்டுக்குப் போனேன். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள், மூன்று ஆள், இங்கே ஒரு பாத்தி, அங்கே ஒரு பாத்தி. ஆறாம் வகுப்புக் கணக்கு ஒன்று தானாக மேலே வந்தது. மூன்று ஆள் இரண்டு நாளில் வாருகிற பாத்தியை இரண்டு ஆள் எத்தனை நாளில் வாருவார்கள். மூன்று நாள். நாள் கூடினது பாத்தி பெரிசு என்பதாலா, இல்லை, ஆள் குறைந்ததால். சுவரில் இருக்கிற அட்டைக்கு அது தெரியாது, அது எப்போதும் மூன்று ஆள் வந்திருக்கிறார்கள் என்றே எண்ணிக்கொள்ளும், மூன்று நாளா, அப்படியென்றால் பெரிய பாத்திதான் என்று சொல்லிவிடும். என் பாட்டிலில் இரண்டு ஆள்தான் இருந்தார்கள். ஒரு ஆள் தொட்டியில் கரைந்து போனான். ஆறு வாரமாக முப்பத்தொன்று முப்பத்தொன்று என்று நான் எழுதின உப்பு எல்லாம் இருபத்தொன்று. வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கணக்கு சரியாக வந்ததில் ஒரு கணம் சிரிப்புகூட வந்தது, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கணக்கை யாரும் சொல்லித்தராமல் முழுசாகப் போட்டிருக்கிறேன், அது இந்தக் கணக்காக இருக்கணுமா.

பதினொன்று பதினைந்து. ஜன்னல் கம்பியில் யாரோ தட்டினார்கள். செல்லக்கிளி அக்கா, பாக்கெட் கொட்டகையில் எங்களுக்கெல்லாம் மூத்தவள், தலைத்துண்டை அவிழ்க்காமலே நின்றாள். "ஏட்டி, என்ன பேயறைஞ்சவ மாரி இருக்க?" "ஒண்ணுமில்லக்கா." "ஒண்ணுமில்லையாம்லா. அங்க உன்னைய வெச்சுப் பொங்கல் வெச்சுக்கிட்டு இருக்கானுவ. டீ குடுக்கப் போனவ கேட்டுட்டு வந்து சொல்லுதா. கெமிஸ்ட்டு லீவுல போனாராம், அந்த நேரம் எழுதப் படிக்கத் தெரியாத பொம்பள ஒருத்தி தன்னால பாத்து எழுதிட்டாளாம், அவள இன்னையோட நிறுத்திப்புடுதோம்னு அண்ணாச்சி சொல்லுதாரு." "அந்த சார் என்ன சொன்னாரு?" "அவருக்குத் தமிழ் எங்க தெரியுது. வடக்க உள்ள ஆளு. அண்ணாச்சி சொல்ல, கிளாட்வின் இங்கிலீசுல மாத்தி மாத்தி விடுதான். அவரு தலைய தலைய ஆட்டுதாரு." பிறகு ரிஜிஸ்டரைப் பார்த்தாள். பென்சில் குறிகளைப் பார்த்தாள். "கெமிஸ்ட்டம்மா, கெமிஸ்ட்டம்மான்னு உன்னைய கேலி பண்ணுவோம்லா, இப்ப நெசமாவே ஆக்கிப்புட்டானுவ பாரு." சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. "போட்டுராதட்டி. கை நடுங்குது, பேனா எழுத மாட்டங்கு, எதாச்சும் சொல்லு. நீ என்ன தப்புப் பண்ணுன?" அதைக் கேட்டிருக்கக் கூடாது. நான் வாயைத் திறந்தேன். நாலு கல் கொட்டிவிட்டேன் அக்கா. சொல்லவில்லை. சொன்னால் இந்த ஜன்னலில் எனக்காக நிற்கிற ஒரு முகமும் போய்விடும். "ஒண்ணும் பண்ணலக்கா" என்றேன். "பெறவென்ன" என்றாள் அக்கா, கொட்டகையில் யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

நிறுத்திப்புடுதோம். போகட்டும், திரும்பவும் பாக்கெட் போடலாம், வேறு மில்லில் போடலாம், கை மறுபடியும் வெடிக்கும், வெடிக்கட்டும். அதுவா இப்போது உறுத்துகிறது, இல்லை. போன மாசம் சுகாதார நிலையத்தில் தர்ஷினியைக் காட்டினேன். இரண்டரை வயசு. அம்மா என்பாள், தண்ணிக்கு ந்தா என்பாள், வேறொன்றும் இல்லை. அவளோடு ஒத்த வயசுப் பிள்ளைகள் எல்லாம் வாய் ஓயாமல் பேசுகின்றன. என்னை மாதிரி வாயடைத்த பிள்ளை, வளர வளரச் சரியாகும் என்று அத்தை சொல்வார்கள், நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன். அங்கே இருந்த நர்ஸம்மா ஏதேதோ கேட்டுவிட்டுக் கடைசியில், வீட்டில் என்ன உப்பும்மா பயன்படுத்துகிறீர்கள் என்றார்கள். எங்களுக்கு என்ன உப்பு. அளத்தில் குவித்து வைத்திருக்கிற குவியலில் மடியில் அள்ளிக்கொண்டு வருகிற கல்லுப்பு. இந்த ஊரில் உப்பை யார் கடையில் வாங்குவார்கள். பாக்கெட் போடுகிற நாங்கள் பாக்கெட் உப்பை நாக்கில்கூட வைத்ததில்லை, அது மருந்து நாறும் என்று செல்லக்கிளி அக்கா சொல்வாள், நாம் தின்கிறது சாமி தந்த உப்பு என்பாள். "வயித்துல பிள்ளை இருக்கும்போதும் அதானா? மூளை வளர்றதுக்கு அயோடின் வேணும்மா, அதுக்குத்தான அந்த உப்பு. காது டெஸ்ட்டு, ரத்த டெஸ்ட்டு எடுப்போம், பயப்படாதீங்க, எதுனாலன்னு இப்பவே சொல்ல முடியாது." எதுனாலன்னு சொல்ல முடியாது. நான் நாளுக்கு நாலைந்து தடவை எதை அளக்கிறேனோ, அது எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வயிற்றில் அவள் இருந்த ஒன்பது மாசமும் நான் இந்த மில்லில்தான் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தேன், தாண்டித் தாண்டி நடந்தேன் அந்தப் பாக்கெட்டுகளை. இப்போது ஆறு வார உப்பு லாரி ஏறிப் போய்விட்டது. அது எங்கெங்கே போகிறதோ, அங்கே ஒருத்தி நாலு மாசம், ஐந்து மாசம், அவள் என்னை மாதிரி இல்லை, கடையில் பார்த்துப் பார்த்து, காசு கொடுத்து, பாக்கெட்டில் போட்டிருக்கிற எழுத்தை நம்பி வாங்குகிறாள். எழுத்து என்னுடையது. முப்பத்தொன்று புள்ளி ஏழு. எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளையாம்.

பதினொன்று பதினேழு. பேசாமல் முப்பத்தாறு கையெழுத்தையும் போட்டுவிட்டால் என்ன ஆகும். தப்புக்கு ஒரு ஆள் கிடைத்துவிடும், அதிகாரி பேனாவை மூடுவார், சின்ன நோட்டை யாரும் திறக்க மாட்டார்கள், குழாயின் திருகை யாரும் பார்க்க மாட்டார்கள், அடுத்த திங்கள்கிழமையும் 0.005 சரி. கையெழுத்துப் போடாமல் இருந்தால், என்னைத் திட்டி வெளியே அனுப்பிவிட்டு சாரே போட்டுவிடுவார், இல்லாவிட்டால் பெருவிரல் ரேகை கேட்பார்கள். இரண்டிலும் அந்த உப்பைப் பற்றி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரே ஒரு பாக்கெட்தான் கடையில் மாட்டியிருக்கிறது, ஒரு நாள் உப்பு, மற்ற முப்பத்தைந்து நாளும் நல்ல உப்பு என்று இந்த ரிஜிஸ்டர் சொல்கிறது, பொய் சொல்லத் தெரியாத முகத்தோடு சொல்கிறது. நாலு கல் என்று நான் சொன்னால், அவ்வளவுதான், இவள்தான் என்று முடித்துவிடுவார்கள், அவர்களுக்கு அது லட்டு. நாலு கல்லை மறைத்துவிட்டுத் திங்கள்கிழமையையும் திருகையும் மட்டும் சொன்னால், எனக்கே நாக்கு எழாது. ஒரு ஆள் தொட்டியில் போனான், ஒருவர் பார்க்க வேண்டிய நாளில் பார்க்கவில்லை, ஒருவர் திருகினார். மூன்றையும் சேர்த்தால்தான் இருபத்தொன்று வருகிறது, ஒன்றை விட்டாலும் கணக்கு வராது. பேனாவை எடுத்தேன். ஆனி மாசத்து அந்தச் செவ்வாய்க்கிழமை வரியில், யாருமே எதுவும் எழுதாத குறிப்பு என்கிற கட்டத்தில் எழுதினேன். கட்டம் சின்னது, என் எழுத்துப் பெரிசு, அடுத்த நாள் வரிக்கும் அதற்கு அடுத்த நாள் வரிக்கும் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. தயோ கொட்டிவிட்டேன் சொல்லவில்லை. திங்கள்கிழமை சார் பலம் பார்க்காமல் சரி என்று எழுதினார். அண்ணாச்சி மருந்தைக் குறைக்கச் சொன்னார்கள். ஆறு வாரம் போன உப்பு எல்லாம் இருபத்தொன்றுதான் முப்பத்தொன்று இல்லை. ச. சண்முகவடிவு. பென்சில் குறிகளில் ஒன்றின்மேலும் கை படவில்லை.

கடிகாரத்தைப் பார்த்தபோது ஒரு நிமிஷம் தாண்டியிருந்தது. அலமாரியைத் திறந்து பிளாஸ்க்கை எடுக்கிறதுக்குள் பேச்சுச் சத்தம், மூன்று பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். அதிகாரி உயரமாக, மூக்குக் கண்ணாடி போட்டு, என் அப்பா வயசில் இருந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், பண்ணு என்கிற மாதிரி. பியூரெட்டின் திருகைப் பிடித்தேன். கைக்கு வேலை தெரியும். மஞ்சள் வெளிறி வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் ஸ்டார்ச் விட்டேன், குப்பென்று கறுநீலம் ஏறிற்று, இனிச் சொட்டுச் சொட்டாக. ஒரு சொட்டு, ஒரு ஆட்டு. நீலம் மெலிந்தது. ஒரு சொட்டு. இன்னும் ஒன்று. தண்ணீர் தண்ணீராக நின்றது. அதிகாரியே குனிந்து கோட்டைப் பார்த்தார். "டூ பாயின்ட் ஜீரோ" என்றார். சார் சுவர் அட்டையைக் காட்டினார், இருபத்தொன்று புள்ளி இரண்டு. அண்ணாச்சி எதையோ சொல்ல, சார் அதை இங்கிலீஷில் சொல்ல, இரண்டு பேரும் என்னை நோக்கிக் கையை நீட்டினார்கள். அதிகாரி ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பினார். கடைசிக் கட்டம் காலியாக இருப்பதைச் சார் அப்போதுதான் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்தப் பார்வைக்கு வழக்கமாக நான் தரையைப் பார்ப்பேன். அதிகாரியின் விரல் என் எழுத்தில் வந்து நின்றது. இது என்ன என்று கேட்டார் போல. சார் குனிந்து மனசுக்குள் படித்தார். முதல் வரியைப் படித்தபோது அவர் முகத்தில் வந்ததை நான் என்னவென்று சொல்ல, தொலைந்த சாவி கிடைத்தவர் மாதிரி இருந்தது. பிறகு அடுத்த வரி, அதற்கு அடுத்த வரி, முகம் மூடிக்கொண்டது. தன் விரலை முதல் வரிக்குக் கொண்டுபோய் வைத்து, சத்தமாக இங்கிலீஷில் சொன்னார். எனக்கு அதில் இரண்டே வார்த்தைதான் தெரிந்தது. வடிவு. மிஸ்டேக். விரல் சொல்லவில்லை என்கிற இடத்தில் நின்றது. நின்றேவிட்டது. "அவ்வளவுதான் அண்ணாச்சி, அவளே எழுதிக் குடுத்துட்டா" என்றார் அந்தப் பக்கம் திரும்பி. அண்ணாச்சி மூச்சு விட்டார். அதிகாரி என்னைப் பார்த்துப் பாவப்பட்டார், நிஜமாகவே பாவப்பட்டார், பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார், எழுதப் போகிறார். எழுதி முடித்தால் முடிந்தது. நான் மேசைக்குப் பக்கத்தில் போனேன். சாருடைய சட்டைக் கை என் தோளில் உரசிற்று, ஒரு ஆண்பிள்ளைக்கு இவ்வளவு பக்கத்தில் நான் இங்கே நின்றதில்லை. என் விரலை இரண்டாவது வரியில் வைத்தேன். "இதையும் வாசிங்க சார்." குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன், இந்தத் தடவை அதிகாரியின் பேனா நின்றது. "அதெல்லாம் உனக்கு எதுக்கு, நீ போம்மா" என்றார் சார், பல்லுக்குள். அதிகாரி என் விரலைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், புருவத்தை உயர்த்திக் காத்திருந்தார். சார் வாசிக்கவில்லை. நான் விரலை எடுக்கவில்லை.